நேரில் பேசப்பட்டது

எங்கள் பல்கலைக்கழகத்தில் பெரிய பதவியில் இருப்பவர்கள் எதையும் எழுதமாட்டார்கள். பேசுவார்கள். கீழேயிருந்து கோப்பு மேலே போகும். ஒரு வாரமோ ஒரு மாதமோ அங்கே கிடந்துவிட்டு, ஓரத்தில் ‘ப்ளீஸ் ஸ்பீக்’ என்று இரண்டே சொற்களோடு திரும்பி வரும். வந்து பேசு என்று பொருள். கீழே இருப்பவர் எழுந்து ஓடிப்போய், மேசைக்கு முன்னால் நின்று, அவர் வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும். அதைத் தன்னுடைய சொந்த யோசனை மாதிரி கோப்பில் எழுதி மறுபடி அனுப்பவேண்டும். மேலே இருப்பவர் அதன் கீழே ஒரு சின்னக் கையெழுத்துப் போடுவார். நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால் எழுதியவர்தான் மாட்டிக்கொள்வார். சொன்னவர் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். இந்த ஏற்பாடு துணைவேந்தர் முதல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் சூப்பிரண்டம்மாவுக்கு மட்டும் இருந்தது.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் பல்கலைக்கழகம். ஆராய்ச்சி மாணவர்களின் பதிவு, கெடு, வழிகாட்டி, வாய்மொழித் தேர்வு இதையெல்லாம் பார்க்கிற பிரிவுக்கு அவர் கண்காணிப்பாளர். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர் விரும்பமாட்டார் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அது பொய். எதையும் பேரோடு எழுதவேண்டும் என்பதுதான் அவர் கட்சி. கூச்சப்படுவது நான்தான்.

நான் அந்தப் பிரிவில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பல்கலைக்கழகத்தின் சொந்த ஆள் இல்லை, ஏஜென்சி மூலமாக வந்தவன். வருடத்துக்கு ஒருமுறை பட்டியல் போட்டுப் புதுப்பிப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. ஏஜென்சி பல்கலைக்கழகத்தைக் காட்டும், பல்கலைக்கழகம் ஏஜென்சியைக் காட்டும். நகரியில் எங்கள் நைனாவின் விசைத்தறி நின்றுபோயிருந்த சமயம் அது. வீடு முழுக்க என் தலைமேல் இருந்தது. இதைப் பின்னால் சொல்வதைவிட முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் சொன்னால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். முன்னால் சொன்னாலும் அப்படித்தான் இருக்கிறது.

சூப்பிரண்டம்மா பேசப் போவார். திரும்பி வருவார். வந்து நாற்காலியில் உட்காரமாட்டார். நின்றபடியே குனிந்து, பேனாவைத் திறந்து, ‘நேரில் பேசப்பட்டது’ என்று எழுதுவார். அப்புறம் நாள், மணி. அப்புறம், பதிவாளர் அவர்கள் கூறியதாவது. அதற்குக் கீழே அவர் என்ன சொன்னாரோ அது, கூட்டாமல் குறைக்காமல். கோப்பு ஆங்கிலம், பேச்சு தெலுங்கு, அம்மாவின் வாய் தமிழ். மூன்றுக்கும் நடுவில் ஒரு சொல்கூட அவர் கையில் நழுவி நான் பார்த்ததில்லை.

எழுதி முடித்த பிறகுதான் உட்காருவார். உட்கார்ந்து, ஃபிளாஸ்கைத் திறந்து, மூடியில் காப்பி ஊற்றி, “உனுக்கு வேணுமா தம்பி?” என்பார். குடித்துவிட்டு உட்கார்ந்தால் பாதி மறந்துபோகுமாம். “மறக்கிறது கூட பரவால்ல. உக்காந்தா நமக்கு பயம் வந்துடும். நின்னுக்கினே எழுதிடணும்” என்றார் ஒருநாள்.

ஒரு பதிவாளர் இருந்தார், நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் “சூத்தாம் லே அம்மா” என்பார். பார்க்கலாம் விடு என்று அர்த்தம். ஓர் ஆராய்ச்சி மாணவரின் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கேட்கப் போன அம்மாவிடமும் அதையே சொன்னார். அம்மா வந்து கோப்பில், நேரில் பேசப்பட்டது, பதிவாளர் அவர்கள் ‘பார்க்கலாம் விடு’ என்று கூறினார்கள், என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார். இரண்டாவது வாரம் இன்னொரு கோப்பு, இன்னொரு ‘பார்க்கலாம் விடு’. மூன்றாவதற்கு அவரே எங்கள் பிரிவுக்கு நடந்து வந்துவிட்டார்.

“ஏமம்மா, நேனு மாட்லாடிந்தல்லா ராசேஸ்தாரா?” என்றார். நான் பேசினதை எல்லாம் எழுதிவிடுவீர்களா என்று கேட்கிறார். முகத்தில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

அம்மா எழுந்து நின்று, தெலுங்கில், மிகவும் மரியாதையாகச் சொன்னார். “நீங்க பேசச் சொல்லி கோப்புல எழுதினீங்க சார். பேசினது இன்னான்னு கோப்புக்குத் தெரிய வேணாமா?”

அந்தத் தாளை மாற்றிவிடச் சொன்னார் அவர். மாற்ற முடியாது. குறிப்புத் தாள்கள் எல்லாவற்றுக்கும் அம்மா முன்கூட்டியே சிவப்பு மையில் பக்க எண் போட்டு வைத்திருப்பார். ஒரு தாள் போனால் எண் உதைக்கும். பதிவாளர் போன பிறகு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாணவருக்கு அதே வாரம் தேர்வுத் தேதி கிடைத்தது. இப்படியே போனால் பல்கலைக்கழகமே திருந்திவிடும் என்று எனக்கு ஒரு முட்டாள்தனமான நம்பிக்கைகூட வந்தது.

சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பம் அவருடையது. தினமும் காலையில் அங்கிருந்து பஸ்ஸில் வருவார். சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளராக இருந்திருக்கிறார். ஆலயத்தின் பின்பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தருவதாக ஒரு கூட்டத்தில் போதகர் ஐயர் வாக்குக் கொடுத்ததை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவிட்டார். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தும் காட்டிவிட்டார். அதற்கு அடுத்த தேர்தலில் அவர் பெயரை யாரும் முன்மொழியவில்லை. “சபையிலயும் என்னத் தூக்கிட்டாங்க தம்பி” என்று இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். “கட்டினாங்களா?” என்று கேட்டேன். “கட்டினாங்க, கட்டினாங்க. திறப்பு விழாவுக்குத்தான் கூப்பிடல.”

அவரோடு இருப்பது சுகமான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் முன்னால் சும்மா பேச முடியாது. “நாளைக்கு முடிச்சுடறேன் மேடம்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் காலண்டரில் நாளைக்கு என்ற கட்டத்தில் என் பெயர் ஏறிவிடும். மற்றப் பிரிவுக்காரர்கள் எங்கள் அறைக்கு வந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். பதிவாளரின் பி.ஏ. ஒருமுறை அம்மாவோடு தகராறு செய்தார். தான் சொல்லாததை அம்மா எழுதிவிட்டார் என்பது புகார். எங்கள் மாவட்டத்தில் சொன்னேன், சொல்லவில்லை என்று சண்டை வந்தால் காணிப்பாக்கம் போவது வழக்கம். விநாயகர் முன்னால் நின்று சத்தியம் செய்யவேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்படமாட்டான் என்று எல்லோரும் நம்புகிறோம். அந்த பி.ஏ. “காணிப்பாக்கம் போலாமா?” என்று சவால் விட்டார். “நான் வேதக்காரி, எனக்கு அது வழக்கமில்ல. ஆனா நீங்க போய் சத்தியம் பண்ணிட்டு வாங்க, நான் நம்பறேன்” என்றார் அம்மா. பி.ஏ. போகவில்லை. நானும் சில வருடங்களாகக் காணிப்பாக்கம் போவதில்லை. வீட்டில் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்கிறேன்.

பல்கலைக்கழகங்களின் நிர்வாகத்தைச் சீர்திருத்த அரசு ஒரு குழு போட்டது. அந்தக் குழு ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்டது. எங்கள் கருத்தரங்கக் கூடத்துக்கும் வந்தது. அன்றைக்குக் கூடத்தில் புதுத் திரைச்சீலை. பேராசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தன்னாட்சி என்றார்கள், தரவரிசை என்றார்கள், ஆட்சிக்குழுவில் தொழிலதிபர்கள் வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்றார்கள். துணைவேந்தரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் அரைமணி போயிற்று. எங்களுக்கு அப்போது துணைவேந்தரே இல்லை. வேறொரு பல்கலைக்கழகத்துத் துணைவேந்தர்தான் எங்களுக்கும் பொறுப்பு. மாதத்துக்கு ஒருநாள் வருவார், திருமலைக்குப் போகிற வழியில்.

ஊழியர்கள் தரப்பில் யாராவது உண்டா என்று மைக்கில் கேட்டார்கள். கடைசி வரிசையில் சூப்பிரண்டம்மா எழுந்தார்.

“எனக்கு ஒரு விசயம்தாங்க” என்றார் தெலுங்கில். “கோப்புல ‘ப்ளீஸ் ஸ்பீக்’னு எழுதறதை நிறுத்திட்டா போதும். சொல்றவங்களே எழுதணும். மத்ததெல்லாம் தானா சரியாயிடும்.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. குழுத் தலைவரும் சிரித்துவிட்டு, ரொம்ப நல்ல கருத்து, சாப்பாட்டு நேரத்தில் வந்து என்னிடம் பேசுங்கள் என்றார். அம்மா விடுவாரா? சாப்பாட்டு வரிசையில் தட்டோடு போய் நின்று பேசிவிட்டு வந்தார். அன்று மாலையே குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டச்சு செய்யச் சொன்னார். ‘இன்று பகல் ஒன்றரை மணிக்கு, தயிர்சாதம் வைத்திருந்த மேசைக்கு அருகில், தலைவர் அவர்களுடன் நேரில் பேசப்பட்டது. கவனிக்கிறேன் என்று கூறினார்கள்.’ தயிர்சாதத்தையாவது எடுத்துவிடலாம் மேடம் என்று கெஞ்சினேன். “எங்க நின்னு பேசினோம்னு அவருக்கு ஞாபகம் வர வேணாமா?” என்றார்.

அம்மா கேட்டது ஒருவகையில் நடக்கவும் செய்தது. குழுவால் அல்ல. கோப்புகள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறின. இனிமேல் தாள் கிடையாது, எல்லாம் திரையில். யார் என்ன எழுதினாலும் பெயரும் நேரமும் தானாக ஏறிவிடும். ஒருமுறை ஏற்றியதை யாராலும் அழிக்க முடியாது. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டதும் அம்மா என் கையைத் தட்டினார். “இனிமே சிவப்பு மை வேணாம் தம்பி!” அவ்வளவு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அப்புறம்தான் தெரிந்தது. அழிக்க முடியாது என்று தெரிந்துகொண்ட மேலிடம், ‘ப்ளீஸ் ஸ்பீக்’ என்று எழுதுவதையும் விட்டுவிட்டது. கோப்பு அவர்கள் திரையில் பேசாமல் கிடக்கும். வாட்ஸாப்பில் ஓர் அழைப்பு வரும். அழைப்பில் சொல்வார்கள், வைத்துவிடுவார்கள். அம்மா சில நாள் திகைத்துப்போய் இருந்தார். பிறகு கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்து, எழுந்து நின்று, ‘வாட்ஸாப் அழைப்பில் பேசப்பட்டது’ என்று ஆரம்பித்தார். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, வைத்ததும் திரையில் ஏற்றச் சொல்லி என்னிடம் கொடுப்பார்.

இனி ஓர் ஆராய்ச்சி மாணவியைப் பற்றிச் சொல்லவேண்டும். குப்பம் டவுனுக்குப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். அப்பா அம்மா இருவரும் கிரானைட் பட்டறையில் கூலி வேலை. அந்த ஊரில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் ஆள் அவள்தான். பட்டுப்புழுவுக்கு வருகிற ஒரு நோயைப் பற்றி ஆராய்ச்சி. ஆய்வேடு எழுதி முடித்துவிட்டாள், கொடுக்கவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் மாரடைப்பில் இறந்துபோனார். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள். புது வழிகாட்டியை நியமிக்கவேண்டும். அவளுடைய பதிவுக் கெடு முடிய இரண்டு மாதம் இருந்தது.

இரண்டு நிமிட வேலை. ஆனால் நியமிக்கவேண்டியது துணைவேந்தர். பொறுப்புத் துணைவேந்தர், நான் அன்றாடக் காரியங்களை மட்டும்தான் பார்ப்பேன், இது அன்றாடக் காரியமா என்று ஆட்சிக்குழு சொல்லட்டும் என்றார். ஆட்சிக்குழுவின் பதவிக்காலம் முடிந்து, புது உறுப்பினர்களை அரசு நியமிக்கவேண்டியிருந்தது. அரசைக் கேட்டால், சீர்திருத்தக் குழுவின் அறிக்கை வரட்டும், அதன்படி நியமிக்கலாம் என்று பதில் வந்தது. ஆக, நிர்வாகத்தைத் திருத்தும்வரை நிர்வாகம் கிடையாது. இதை அந்தப் பெண்ணுக்கு அம்மா விளக்கியபோது அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். முடிவில், “அப்ப யார்கிட்டதான்மா போகணும்?” என்றாள். அம்மா அவள் விண்ணப்பத்தை வாங்கி என் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார்.

“நான் கோப்பு வெக்கறேன். கெடுவ நீட்டறதுக்காவது ஒரு உத்தரவு வாங்கலாம்” என்றார்.

கோப்பு வைத்தார். மூன்றாம் நாள் முற்பகல் பதிவாளரிடமிருந்து வாட்ஸாப் அழைப்பு. இவர் வேறு பதிவாளர், ‘பார்க்கலாம் விடு’ ஆள் இல்லை. மிகவும் இனிமையாகப் பேசுவார். பெண் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அறையில் அம்மாவும் நானும்தான். கைப்பேசி மேசைமேல். குரல் தெளிவாகக் கேட்டது.

“இப்புடு ஃபைல் பெட்டொத்தம்மா. கொத்த வி.சி. ரானி. கடுவு சங்கதி நேனு சூஸ்குண்டா. ஆ அம்மாயினி பயப்படொத்தனி செப்பு.”

இப்போது கோப்பை மேலே வைக்காதே, புதுத் துணைவேந்தர் வரட்டும், கெடு விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அந்தப் பெண்ணைப் பயப்படவேண்டாம் என்று சொல். இவ்வளவுதான். அம்மா நின்றபடி எழுதினார், நான் திரையில் ஏற்றினேன். பிறகு வெளியே போய் அவளிடம் சொன்னார். அவள் அங்கேயே குனிந்து அம்மாவின் காலைத் தொட்டாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சிரித்துக்கொண்டே போனாள்.

புதுத் துணைவேந்தர் வரவில்லை. கெடு வந்தது. கெடு முடிந்த மறுநாள் காலை, யாரும் எதையும் தொடாமலே, கம்ப்யூட்டர் அவள் பதிவை ரத்து செய்துவிட்டது.

அவள் மேலே எழுதிப்போட்டாள். காத்திருக்கச் சொன்னது யார் என்று மேலிடம் விளக்கம் கேட்டது. கோப்பைத் திறந்தார்கள். அம்மாவின் குறிப்பு இருந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் பதிவாளர். மேலதிகாரி சொல்லாததைச் சொன்னதாகப் பொய்யாகப் பதிவு செய்தார் என்று அம்மாவுக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. குறிப்பு உண்மை என்று விசாரணையில் நிலைத்தால், தவறு பல்கலைக்கழகத்தின் மேல் விழும். அந்தப் பெண்ணுக்குக் கெடுவை நீட்டித்தே ஆகவேண்டும். பொய் என்று ஆனால் அவளுக்குக் கதவு மூடிவிடும். அழைப்பு வந்ததற்குக் கைப்பேசியில் தடயம் இருந்தது. என்ன பேசினார்கள் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான். அது நான்.

இதற்கு நடுவில்தான் சீர்திருத்தக் குழுவின் அறிக்கை வந்தது. தடியான அறிக்கை. அம்மா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதில் ‘ஸ்பீக்’ என்று தேடச் சொன்னார். ஒரே ஓர் இடத்தில் கிடைத்தது. மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசும் திறனை வளர்க்கவேண்டும் என்ற பக்கம். “சரி மூடு” என்றார்.

விசாரணையில் எனக்காகச் சொல் என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டிருக்கலாம். எப்போதும் போல ஃபிளாஸ்க் மூடியில் காப்பி கொடுத்தார். நான் சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பெண்தான் ஒருநாள் வந்து வராந்தாவில் என்னை மடக்கினாள். “அண்ணா, நீங்க அப்ப உள்ளதான இருந்தீங்க? நீங்க கேட்டீங்கதான?” என்றாள். “பாக்கலாம்மா” என்றேன்.

விசாரணைக்கு முந்தைய வாரம் பதிவாளரின் பி.ஏ. வந்து, சார் உன்னைப் பேசக் கூப்பிடுகிறார் என்றார். போனேன். குளிரூட்டிய அறை. உட்காரச் சொன்னார். என்னை அதுவரை அங்கே யாரும் உட்காரச் சொன்னதில்லை. எந்த ஊர் என்றார். நகரி என்றேன். நைனா என்ன செய்கிறார் என்றார். தறி நின்றுபோனதைச் சொன்னேன். உச்சுக்கொட்டினார், நிஜமான இரக்கத்தோடுதான். மேசைமேல் ஏஜென்சிப் புதுப்பிப்புப் பட்டியல் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை, பார்க்கக்கூட இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மீ செக்‌ஷன்லோ பிரிண்டர் சவுண்டு எக்குவ கதா?” என்றார். உங்கள் பிரிவில் பிரிண்டர் சத்தம் அதிகம், இல்லையா?

“அவுனு சார்” என்றேன். ஆமாம் சார்.

“வெள்ளு” என்றார். போய் வா. அவ்வளவுதான் பேச்சு. மிரட்டவில்லை, கேட்கவில்லை, கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது யோசித்தேன், இதைச் சூப்பிரண்டம்மா கேட்டிருந்தால் நின்றபடியே எழுதிவைத்திருப்பார், நாள், மணி, பிரிண்டர் உட்பட. நான் வந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரிதான், உட்கார்ந்ததும் பயம் வந்துவிட்டது.

பின்னால் என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் பலமநேரில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறாள். ஆய்வேடு பைண்டு செய்தபடி வீட்டில் இருக்கிறது என்று கேள்வி. அம்மாவுக்குத் தண்டனையாகப் பதவி உயர்வை மறுத்தார்கள். ஓய்வுபெறும்வரை அதே நாற்காலியில் இருந்தார். அதே மாதிரி எழுதினார். இப்போது சித்தூரில்தான் இருக்கிறார். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் போனதில்லை. நான் இன்னும் அதே பிரிவில் இருக்கிறேன், வருடா வருடம் பட்டியலில் என் பெயர் வருகிறது. எங்களுக்குப் புதுத் துணைவேந்தரும் வந்துவிட்டார். எழுதமாட்டார், பேசுவார்.

விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர், ஓய்வுபெற்றவர், நல்ல வயசு. ஆட்சிக்குழு கூடுகிற நீள மேசையின் ஒரு மூலையில் உட்கார்ந்தார். அவர் எதிரில் அம்மா. விசாரணைகளில் சாட்சி சொல்வதைத் தட்டச்சு செய்வது எங்கள் அலுவலகத்தில் என் வேலை. நான் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாட்சி யார் என்று கேட்டார். நான்தான் சார் என்றேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். சாட்சி தன் வாக்குமூலத்தைத் தானே தட்டச்சு செய்தால் அது செல்லாது, வேறு ஆளைக் கூப்பிடு என்றார். வேறு ஆள் இல்லை. பட்டமளிப்பு விழா வேலைக்கு எல்லோரையும் அனுப்பியிருந்தார்கள். அவர் திருப்பதியில் ரயில் பிடிக்கவேண்டும். கடிகாரத்தைப் பார்த்தார்.

“நான் எழுதறேங்க சார்” என்றார் அம்மா.

குற்றம் சாட்டப்பட்டவரே எழுதலாமா என்று அவர் தயங்கினார். பிறகு அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் எழுதுங்கள் என்று காகிதத்தை நகர்த்தினார். அம்மா எழுந்து நின்றுகொண்டார். உட்காருங்கள் என்றார் அதிகாரி. “பரவால்லீங்க” என்றார்.

அன்றைக்கு அழைப்பு வந்தபோது அறையில் இருந்தாயா? இருந்தேன். கைப்பேசி ஸ்பீக்கரில் இருந்ததா? இருந்தது. பதிவாளர் என்ன சொன்னார்?

அம்மாவின் பேனா காகிதத்தின்மேல் தயாராக நின்றது. தலை குனிந்திருந்தது, வகிடு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வாயைத் திறந்தால் அந்தத் தெலுங்கு தானாக வந்துவிடும் போலிருந்தது. பயமாக இருந்தது. நைனாவின் முகம் ஞாபகம் வந்தது என்று சொல்லலாம், ஆனால் வரவில்லை. அந்தப் பட்டியல்தான் ஞாபகம் வந்தது.

“பிரிண்டர் ஓடிக்கினு இருந்துச்சுங்க சார்” என்றேன். “சத்தத்துல எனக்கு ஒண்ணும் சரியா காதுல விழல.”

பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. நான் பேசி முடித்த அதே நேரத்தில் அதுவும் முடித்தது. சாட்சியிடம் ஏதாவது குறுக்கே கேட்கவேண்டுமா என்றார் அதிகாரி. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். “ஒண்ணும் இல்லீங்க” என்றார்.

பிறகு தாளை எடுத்து, எல்லோரிடமும் செய்வதுபோல, எழுதியதைப் படித்துக் காட்டினார். நாள், மணி, இடம். சாட்சி கூறியதாவது, பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தில் எனக்கு ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. படித்து முடித்துத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார்.

“நீ சொன்னதுதான தம்பி? ஏதாவது மாத்தணுமா, பாரு.”

பார்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மாற்ற ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.